தாப்பா வெயில் தெரியாத எஞ்சின்

எங்கள் ஆமைக் கார் வாட்சப் குழுவில் போன வாரம் ஒரு ரகளை. ஆமைக் கார் என்றால், முதுகு வளைந்து, எஞ்சினைப் பின்பக்கம் சுமந்துகொண்டு ஓடுமே, அந்தப் பழைய கார்தான். மலாய்க்காரர்கள் குரா-குரா என்பார்கள், நாங்கள் ஆமை என்போம். ஈப்போவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "என் வண்டி 1300. சிலிண்டரையும் பிஸ்டனையும் பெரிய சைசுல மாத்தி 1600 ஆக்கலாமா? கேமரன் மலைக்கு ஏறும்போது மூச்சு வாங்குது." ஆக்கலாம் என்று ஐந்து பேர், ஆக்கினால் வெடித்துவிடும் என்று ஐந்து பேர். இன்னொருவர் ஏதோ ஒரு வெள்ளைக்காரன் வீடியோவை அனுப்பினார். அதில் அவன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுச் சிரிக்கிறான். கடைசியில் ஒரு புண்ணியவான், "பச்சையப்பன் அண்ணன் சொல்லட்டும் லா, ரிட்டையர் ஆகுற வரைக்கும் எஸ்டேட் வொர்க்‌ஷாப்ல ஸ்பானர் புடிச்சவரு" என்று என்னைக் கோத்துவிட்டார்.

ஆக்கலாம். அதுதான் பதில். ஆனால் நான் அப்படி ஆக்கிய முதல் எஞ்சின் மூன்றே நாளில் செத்துப்போனது. குற்றம் சிலிண்டர்மேலும் இல்லை, பிஸ்டன்மேலும் இல்லை, என்மேல்தான். அதைக் கட்டைவிரலால் தட்டித் தட்டிக் குழுவில் எழுத முடியாது. அதனால் மேசை போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே, ஏரியைத் தாண்டிப் போனால் எங்கள் எஸ்டேட். அப்பா கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டினார், அம்மா கொழுந்து கிள்ளினார். பதினேழு வயதில் நான் பட்டறையில் கிரீஸ் அடிக்கச் சேர்ந்தேன். முதல் வருஷம் கிரீஸ், இரண்டாம் வருஷம் டயர், மூன்றாம் வருஷம் பிரேக். ஐந்தாம் வருஷம்தான் ஒரு எஞ்சினுக்குள் கைவிடச் சொன்னார்கள். அந்த ஐந்து வருஷத்தில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. விரல் குளிரில் மரத்தது, நகத்துக்குள் போன கறுப்பு அப்படியே தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ஃபோர்மேனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெயர் தேவசகாயம். ஒல்லியான மனிதர், சட்டைக் கையில் மடிப்புக் கலையாது. சுற்றிலும் தேயிலை மலையாக இருக்க, அவர் மட்டும் ஜாம் பாட்டிலில் கோப்பி-ஓ, அதாவது பால் ஊற்றாத கோப்பி, கொண்டுவந்து குடிப்பார். கத்த மாட்டார், திட்ட மாட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் செய்வது வேறு. ஒருமுறை கொழுந்து லோரியின் தண்ணீர்ப் பம்பை மாட்டி முடித்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பம்பு கழற்றப்பட்டு, போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் தரையில் விரித்த பழைய பேப்பர்மேல் வரிசையாகப் படுத்திருந்தன. ஃபோர்மேன் அந்தப் பக்கம் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்ன தப்பு என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார். நாமேதான் தேட வேண்டும். மறுபடி மாட்டினேன், மறுபடி படுத்தது. மூன்றாம் தடவையும் படுத்தது. நாலாவது தடவைதான் எனக்கு உறைத்தது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே புதிய கேஸ்கெட்டை வைத்திருந்தேன்.

அந்தப் பேப்பருக்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். தீபாவளிக்கு முறுக்கு மடித்துக்கொடுத்த பேப்பரைப் பார்த்தால்கூட எந்த வாஷரை விட்டேன் என்று யோசிப்பேன்.

இனி என் லைசென் கதை. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எஸ்டேட்டுக்குள் வண்டி ஓட்ட லைசென் யாரும் கேட்பதில்லை. கேட்டுக்கு உள்ளே இருக்கிற ரோடு எல்லாம் எஸ்டேட் ரோடு. பத்தொன்பது வயதிலேயே நான் டிராக்டரும் லோரியும் ஓட்டினேன். ஆனாலும் ஃபோர்மேன் விடாமல் என்னை டெஸ்டுக்கு அனுப்பினார். முதல் தடவை, வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தேன் என்று தோற்கடித்தார்கள். மலையில் வளைவுக்கு ஹார்ன் அடிக்காவிட்டால் ஆள் செத்துப்போவான் என்று அந்த அதிகாரிக்கு யார் சொல்வது? இரண்டாம் தடவை சட்டக் கேள்விகளில் போனது. மூன்றாம் தடவை காரை நிறுத்தும்போது கம்பம் விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்தால் என் மனைவி செல்லம்மா பாஸாகிவிடுவேன் என்ற நம்பிக்கையில் கேசரி கிண்டி வைத்திருந்தாள். எங்கள் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். கேசரி வாசம் வேறு. "பாஸ்" என்று சொல்லிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் பன்னிரண்டு வருஷம் அந்தப் பூசணிக்காய் வெளியே தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே போகிற வேலை வந்தால் முதுகுவலி என்பேன், இல்லை வேறு ஆளைத் தள்ளிவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் கமலா டீச்சர் வந்தார். எங்கள் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்தவர். அவர் கணவர் சுகுமாரன் தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டும் பகுதியில் இருந்தார். அந்த வருஷம் டீச்சரைக் கீழே, மலையடிவாரத்தில், தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது அவர்கள் குழந்தைக்கு எட்டு மாதம். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. பள்ளி மணி அடிக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்கிற மாதிரி காலையில் பஸ் கிடையாது. இருப்பது டீச்சரின் அப்பா கொடுத்த பழைய ஆமைக் கார் ஒன்றுதான். அது 1300, அதிலும் சிலிண்டர் தேய்ந்து போனது. இறங்கும்போது நன்றாக இறங்கும். ஏறும்போது புகையைக் கக்கிக்கொண்டு இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறும். ஒரு மணிக்குப் பள்ளி விட்டால் வீடு வந்து சேர ஐந்து மணி.

டீச்சர் சுகுமாரனோடு பட்டறைக்கு வந்து நேராகவே சொன்னார்: "அண்ணே, மூணு மணிக்குள்ள நான் மேல வந்துடணும். அதுக்கு மேல பாப்பா தாங்கமாட்டா. கார் சரியா வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க. தாப்பாவுல ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன், வாரத்துக்கு ஒருக்கா வந்து பிள்ளையப் பாத்துக்கறேன்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் சுகுமாரனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய ஃபேன் பெல்ட்டைப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ரூமெல்லாம் எதுக்கு டீச்சர்? எப்படியும் தொறக்கத்தான் போறோம், பெரிய சிலிண்டர் போட்டுடலாம். மான் மாதிரி ஏறும்" என்றேன். ஃபோர்மேன் தலையாட்டினார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பட்டறையைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்த எஸ்டேட் மேனேஜர் துரை அனுமதி கொடுத்திருந்தார்.

இனி ஈப்போக்காரர் கேட்டதற்கு வருகிறேன். ஆமைக் கார் எஞ்சினை இறக்குவது சுலபம். நாலு போல்ட்டுதான் அதைப் பிடித்திருக்கின்றன. வயரையும் பெட்ரோல் குழாயையும் கழற்றிப் பின்னால் இழுத்தால், பழைய டயர்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. காற்றாடி அடிக்கிற காற்றுதான் எல்லாவற்றையும் குளிர வைக்கிறது. பக்கத்துக்கு இரண்டாக நாலு சிலிண்டர் படுத்திருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி, உடம்பெல்லாம் இரும்பு மடிப்பு. 1300-இன் எஞ்சின் உடம்பில் 1600-இன் சிலிண்டர் அப்படியே உட்காரும். ஆனால் மேலே மூடுகிற ஹெட்டு உட்காராது, அதையும் பெரியதாக மாற்ற வேண்டும். ஈப்போவில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஹெட்டு இரண்டு கிடைத்தது. முகம் கொஞ்சம் குழிந்திருந்ததால் கடைக்காரர் அதை மெல்லிசாகச் சீவிக் கொடுத்தார்.

பிஸ்டனின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது கியர்பெட்டி இருக்கிற பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டனைக் கம்பியில் கோக்கும் பின்னுக்கு இரண்டு பக்கமும் சின்னக் கிளிப் உண்டு. அதை மாட்டும்போது எஞ்சின் வாயில் துணியைத் திணித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கிளிப் துள்ளி உள்ளே விழும், அப்புறம் நாள் முழுக்கக் காந்தத்தை வைத்துக்கொண்டு மீன் பிடிக்க வேண்டியதுதான். பிஸ்டன் வளையங்களின் வெட்டு வாய்கள் ஒரே நேரில் நிற்கக் கூடாது. வளையத்தை இறுக்கிப் பிடிக்க ஃபோர்மேன் பிஸ்கட் டின்னை வெட்டி ஒரு பட்டை செய்து வைத்திருந்தார். கடையில் வாங்கியது எதுவும் அதற்கு ஈடாகாது. சிலிண்டருக்கு அடியில் ஒரு மெல்லிய உலோக வளையம் வைப்போம். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கும் ஹெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை அந்த வளையம்தான் முடிவு செய்யும். பிறகு சிலிண்டருக்குக் கீழே தகடுகள். அவற்றை அலங்காரம் என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு. காற்றைத் திருப்பிச் சிலிண்டரின் முதுகைச் சுற்றிப் போக வைப்பதே அந்தத் தகடுதான். கடைசியாக ஹெட்டு நட்டு. எதிர் மூலைக்கு எதிர் மூலையாக, முதல் சுற்று லேசாக, இரண்டாம் சுற்று அளவுக்கு. இதில் எதிலும் நான் தப்புச் செய்யவில்லை. ஃபோர்மேன் இரண்டு தடவை வந்து பார்த்தார், எதையும் கழற்றவில்லை. அன்று முழுவதும் பட்டறைத் தரையில் ஒரு பேப்பர்கூட விரிக்கப்படவில்லை.

எஞ்சின் கிளம்பியது. ஆனால் ஸ்பார்க் பிளக்கு கறுப்பாகக் கரி பிடித்தது. எங்கள் உயரத்தில் காற்று மெல்லிசு, அதனால் பெட்ரோல் அதிகமாகிவிடும். இதற்கு நான் வழக்கமாகச் செய்கிற வைத்தியம் செய்தேன். கார்புரேட்டரில் பெட்ரோல் பாய்கிற துளையான ஜெட்டைச் சின்னதாகப் போட்டுப் பெட்ரோலைக் குறைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி நெருப்புப் பொறி கொஞ்சம் முந்தி விழும்படி வைத்தேன். காதால் கேட்டுத்தான் வைத்தேன், பொறி விழும் நேரத்தைக் காட்டுகிற விளக்கு வைத்துப் பார்க்கவில்லை. அடடா, என்ன பாட்டு! எஸ்டேட் மேட்டில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. சுகுமாரன் கைதட்டினார்.

ஃபோர்மேன் மட்டும், "குடுக்கறதுக்கு முன்னாடி நீயே தாப்பாவுக்கு எறக்கு. மத்தியான வெயில்ல மேல ஏத்திக் கொண்டா. அப்புறம் சாவியக் குடு" என்றார்.

"சரி ஃபோர்மேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டுக்கு நூறு அடி முன்னால் பிரேக்கை மிதித்தேன். வெளியே ரோட்டில் போலீஸ் நின்றால் என் கதை கந்தல். சுகுமாரனை ஓட்டச் சொல்லலாம், ஆனால் 'நீங்க ஏன் ஓட்டல?' என்று கேட்பார். காரைத் திருப்பினேன். எஸ்டேட்டுக்குள்ளேயே ஐந்தாம் நம்பர் தேயிலை மலைக்குப் பின்னால், யாரும் வராத இடத்தில் நிறுத்திவிட்டு, தாப்பாவுக்குப் போய்வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கச்சான் கடலை தின்றேன். பனி மூட்டம் வேறு. திரும்பி வந்ததும் ஃபோர்மேன், "எப்படி?" என்றார்.

"அருமையா ஏறிச்சு."

"வெயிலா?"

"நல்ல வெயிலு ஃபோர்மேன். மண்டையப் பொளந்துருச்சு."

சாவியை டீச்சரிடம் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை. "புது எஞ்சின் டீச்சர், கொஞ்சம் சத்தம் வரும். சத்தத்துக்கெல்லாம் பயந்து நிறுத்தாதீங்க" என்றேன்.

திங்கள், டீச்சர் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். செவ்வாயும் அப்படியே. இரண்டு நாளும் தாப்பாவில் மழை என்று பிறகுதான் தெரிந்தது. புதன்கிழமை மழையில்லை. மூன்று மணியாயிற்று, நாலு மணியாயிற்று, கார் சத்தம் இல்லை. ஐந்தரைக்கு, காய்கறி இறக்கிவிட்டு மேலே திரும்புகிற ஒரு லோரி எங்கள் கேட்டில் நின்றது. டீச்சர் அதிலிருந்து குதித்து இறங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பட்டறையைக் கடந்து ஓடினார். ஆயாக் கொட்டகையில், அதாவது கொழுந்து கிள்ளப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடத்தில், அந்தக் குழந்தை இரண்டு மணியிலிருந்து அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்ததாம். ஆயா கரண்டியில் கொடுத்த எதையும் அது விழுங்கவில்லை. டீச்சருக்குப் பால் கட்டிச் சட்டையெல்லாம் நனைந்திருந்ததைச் செல்லம்மாதான் வந்து சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் டிராக்டர் போய்க் காரை இழுத்து வந்தது. தாப்பா ரோட்டோரம் இருக்கிற அருவிக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோயிருந்தது. ஃபோர்மேன் என்னைத் தொடவிடவில்லை. தானே எஞ்சினை இறக்கினார், தானே திறந்தார். பத்து மணிக்கு எல்லாம் பேப்பர்மேல் வரிசையாகப் படுத்துவிட்டன. நடுவில் மூன்றாம் நம்பர் பிஸ்டன். அதன் தலையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதுவரை நான் பார்த்த எந்தப் பேப்பரும் அப்படி என்னைப் பார்த்ததில்லை.

டீச்சரும் சுகுமாரனும் வந்து நின்றார்கள். டீச்சர் சத்தம் போடவில்லை.

"ஏறும்போது கோலிக்குண்டு உருட்டுற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு அண்ணே. சத்தத்துக்குப் பயந்து நிறுத்தாதீங்கன்னு நீங்க சொன்னீங்கள்ல? நான் நிறுத்தல. ஏறிக்கிட்டே இருந்தேன்."

ஃபோர்மேன் என் பக்கம் திரும்பினார். "பச்ச, நீ ஞாயித்துக்கெழம ஏத்துனப்ப இந்தச் சத்தம் கேக்கலியா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை, கேட்கத்தான் இல்லை. கடையில் வாங்கிய பிஸ்டன்மேல் பழியைப் போட்டிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள். ஆனால் தொண்டை கட்டிப்போன அந்தப் பிள்ளை சுகுமாரன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் போகவே இல்ல ஃபோர்மேன்."

"என்னது?"

"தாப்பாவுக்குப் போகல. அஞ்சாம் நம்பர் மலையில நிறுத்திட்டு கச்சான் தின்னேன். எனக்கு லைசென் இல்ல."

சுகுமாரன் என் சட்டையைப் பிடிக்க வந்தார். தோளில் பிள்ளை இருந்ததால் ஒரு கைதான் வந்தது. டீச்சர் அவரைத் தடுத்தார். ஃபோர்மேன் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தன வருஷமா?"

"பன்னெண்டு."

அவர் எழுந்து ஜாம் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வெகுநேரம் வரவில்லை. வந்ததும் எஞ்சினைப் பற்றித்தான் பேசினார். எனக்கு இன்றுவரை அது ஆச்சரியம்.

எஞ்சின் செத்த காரணம் இதுதான். மலையில் காற்று மெல்லிசு, கீழே காற்று அடர்த்தி. காற்றை அரிசி என்றும் பெட்ரோலைத் தண்ணீர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி காய்ச்சும்போது அரிசியைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் குறைத்தால் அடிப்பிடிக்குமா, இல்லையா? மேலே சரியாக இருந்த என் சின்ன ஜெட்டு கீழே பெட்ரோலைப் பட்டினி போட்டது. பெரிய பிஸ்டன், சீவிய ஹெட்டு, அதனால் அழுத்தமும் அதிகம். பொறியையும் முந்தி வைத்திருந்தேன். தாப்பா வெயிலில் முழு வேகத்தில் ஏறினால் கோலிக்குண்டு உருளாமல் என்ன செய்யும்? மூன்றாம் சிலிண்டருக்கு மேலே ஆயில் கூலர் நின்று காற்றைப் பாதி மறைப்பதால் சூட்டில் முதலில் போவது அதுதான். மலையிலேயே பிறந்து, மலையிலேயே வளர்ந்து, மலையிலேயே ஓட்டிப் பார்த்த ஒரு மெக்கானிக்கால் மட்டுமே இவ்வளவு அழகாக ஓர் எஞ்சினைக் கொல்ல முடியும்.

ஃபோர்மேன் தானே ஈப்போ போய் மூன்றாம் நம்பருக்கும், கீறல் விழுந்த நாலாம் நம்பருக்கும் புதுச் சிலிண்டர், பிஸ்டன் கொண்டுவந்தார். அடி வளையத்தைக் கொஞ்சம் தடிமனாக்கி அழுத்தத்தைக் குறைத்தார். ஒரு டப்பாவில் நாலு சைஸ் ஜெட்டைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

"மேல கரி புடிக்குமே ஃபோர்மேன்?"

"புடிக்கட்டும். கரியத் தொடைக்கலாம். ஓட்டையத் தொடைப்பியா?"

டீச்சர்தான் தண்டனையைச் சொன்னார். "ஒரு வாரம் எங்கூட வாங்க அண்ணே. பாப்பாவையும் தூக்கிக்கறேன், வழியில நின்னாலும் பிள்ள எங்கிட்ட இருக்கும். இந்த வாரமும் நின்னுச்சுன்னா நான் ரூம் பாத்துடுவேன். அப்புறம் என்னைத் தடுக்காதீங்க."

அன்று ராத்திரி செல்லம்மாவிடம் லைசென் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவே இல்லை. "அன்னிக்கே தெரியும். பாஸானவன் ரெண்டாவது தட்டு கேசரி கேட்டிருப்பான்" என்றாள்.

அந்த வாரம் என்னைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆமைக் காரில் எஞ்சின் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. நான் பின்சீட்டில் முழங்கால் போட்டு, சாமான் வைக்கிற குழிக்குள் தலையை விட்டு, காதைத் தகட்டோடு ஒட்டிக்கொண்டேன். மடியில் இருக்க வேண்டிய பிள்ளை என் முதுகில் ஏறிக் குதித்தது. டீச்சர் கண்ணாடியில் பார்த்து, "அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்பார். பள்ளி வாசலில் காவலுக்கு இருந்த ஜாகாவுக்கு என்மேல் சந்தேகம். கம்பளிச் சட்டை போட்ட ஒருவன் கைக்குழந்தையோடு மரத்தடியில் உட்கார்ந்து, தாப்பா வெயிலில் வேர்த்து விறுவிறுத்து ஒரு காரின் பின்பக்கத்தை நோண்டிக்கொண்டிருந்தால் சந்தேகம் வராதா? பத்து மணி இடைவேளையில் டீச்சர் வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நேரம் நான்தான் ஆயா.

திங்கள் பெரிய ஜெட்டு போட்டேன். ஏறும்போது இரண்டு வளைவில் லேசாகக் கோலி உருண்டது. "டீச்சர், கால எடுங்க!" என்று கத்தினேன். நிறுத்திப் பொறியைப் பின்னால் தள்ளினேன். செவ்வாய் ஒரு வளைவில் மட்டும். புதன் இன்னும் ஒரு சைஸ் பெரிய ஜெட்டு, மத்தியானம் நெருப்பு வெயில். அருவியைத் தாண்டியபோது நான் மூச்சையே விடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. வியாழன் இல்லை. வெள்ளியும் இல்லை. மேலே வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி அப்பிக் கிடந்தது. அதைப் போல ஓர் அழகான கரியை நான் கண்டதில்லை.

லைசென் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். போகும்போதும் வரும்போதும் டீச்சர் என்னைச் சும்மா விடவில்லை. ரோட்டோரப் பலகையைக் காட்டிக் காட்டிக் கேள்வி கேட்டார். தப்பாகச் சொன்னால் பள்ளிப் பிள்ளையைக் கேட்பது போல், "நல்லா பாத்துச் சொல்லுங்க" என்பார். இரண்டு மாதம் கழித்து நாலாம் தடவை போனேன், ஹார்னைத் தொடாமல் பாஸ் செய்தேன். அதுவரை எஸ்டேட்டுக்குள்ளும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். முப்பத்தொரு வயதில் டிராக்டரின் பக்கப்பலகையில் உட்கார்ந்து போனேன்.

அந்தத் தண்டனை வாரம் முடிந்த அடுத்த திங்கள் காலை, வழக்கம்போல ஐந்தே முக்காலுக்குக் கம்பளிச் சட்டையும் ஜெட்டு டப்பாவுமாகப் பெரட்டுக் களத்து முனையில் போய் நின்றேன். ஆள் கூப்பிடுவதற்காகக் கொழுந்துக்காரர்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். ஆமைக் கார் வந்து நின்றது. டீச்சர் கண்ணாடியை இறக்கினார்.

"எங்க அண்ணே கெளம்பிட்டீங்க?"

"உங்க கூடத்தான் டீச்சர்."

"வேணாம் அண்ணே. பாப்பாவ ஆயாக் கொட்டகையில விட்டுட்டேன்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எட்டிப் பார்த்தேன், பின்சீட்டு காலியாக இருந்தது.

அன்று நான் பட்டறையில் என்ன வேலை செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒரே பிரேக் டிரம்மைக் காலையிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். வானத்தைப் பார்த்தால் ஒரு மேகமில்லை. கீழே தாப்பாவில் என்ன வெயிலோ. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி எல்லோரும் சாப்பிடப் போனார்கள், நான் போகவில்லை. ஒரு மணி, பள்ளி விட்டிருக்கும். இரண்டு மணி, அருவிகிட்டே வந்திருக்க வேண்டும். இரண்டேகால். இரண்டரை. ஃபோர்மேன் தன் பெஞ்சில் எதையோ அரத்தால் ராவிக்கொண்டிருந்தார், என் பக்கம் பார்க்கவில்லை.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஏரிப்பக்கத்து மேட்டில் அந்தச் சத்தம் கேட்டது. மூன்றாம் கியர், நாலு சிலிண்டரும் சேர்ந்து, ஒரு பிசிறில்லாமல். கார் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. நான் வாசலுக்கு ஓடினேன். கையைத் தூக்கப் போனேன். டீச்சர் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டறையைத் தாண்டி நேரே ஆயாக் கொட்டகைப் பக்கம் வளைந்து போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசலிலேயே, கையில் பிரேக் டிரம்மோடு, முகத்தைத் துடைக்கக் கை இல்லாமல் நின்று அழுதேன்.

பின்னால் அரம் ராவுகிற சத்தம் நின்றது.

"பச்ச," என்றார் ஃபோர்மேன், "போய்ச் சாப்புடு."